நாற்பத்தெட்டா, ஐம்பத்தாறா

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெரு ஒன்றில், நூல் கடை மாடியில், ஒன்பது பெண்கள் உட்கார்ந்து வெளிநாட்டுப் பியானோவுக்கு ஜாதகம் எழுதுகிறார்கள் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், அதைத்தான் கம்ப்யூட்டரே செய்யுமே என்பார்கள். கம்ப்யூட்டர் செய்யத்தான் செய்தது. அது செய்ததில் பாதி தப்பாக இருந்ததால்தான் இந்த ஒன்பது பேருக்கும் வேலை இருந்தது.

எங்கோ ஒரு கம்பெனி, கேட்பவரின் மனசுக்கு ஏற்ற பாட்டைத் தானே எடுத்துப் போடும் மெஷின் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று விவரம் வேண்டும்: வேகம், சுருதி, மனநிலை. பெண்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்பார்கள். பாட்டோடு சேர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று திரையில் எண் வரும், அது வேகம். பாட்டு எங்கெல்லாமோ சுற்றிவிட்டுக் கடைசியில் எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறது என்று திரையிலுள்ள சின்ன கீபோர்டில் தேடிக் கண்டுபிடித்தால் சுருதி. மனநிலைக்குப் பன்னிரண்டு வார்த்தைகள் கொண்ட பட்டியல் உண்டு. அமைதி, மகிழ்ச்சி, சோகம், கோபம், உறுதி என்று போகும். அதில் ஒன்றைத் தொட வேண்டும்.

மேளம் இருக்கிற பாட்டு என்றால் குழந்தைகூடத் தட்டிவிடும். தனிப் பியானோ அப்படியல்ல. வாசிக்கிறவர் ஓர் இடத்தில் இழுப்பார், ஓர் இடத்தில் தள்ளுவார், நடுவில் மூச்சு வாங்க நிற்பார். ஐந்து மாசத்துக்கு முன்னால் பியானோ வந்த ஆரம்பத்தில் ஆளுக்கொரு எண் வந்தது. சூப்பர்வைசர் கோமதிசங்கர் தலையைப் பிய்த்துக்கொண்டார். அந்தத் தலையில் மிச்சமிருந்த நாலு முடியைக் காப்பாற்றியவள் பூமாரி.

பூமாரிக்கு முப்பத்தைந்து வயது. வாசுதேவநல்லூரில் பிறந்து, பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கும் வெள்ளத்துரைக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். வந்ததிலிருந்து பதினோரு வருஷம் இதே தெருவில், நான்கு வீடு தள்ளியிருந்த தறிக்கூடத்தில் தார் சுற்றினாள். நூலைச் சின்னச் சின்னக் கட்டையில் சுற்றிச் சுற்றித் தறிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது. பன்னிரண்டாம் வகுப்பு சர்டிபிகேட் பீரோவில் கிடந்தது. மாடியில் இந்த சென்டர் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினாள். இனிமேல் தார் மெஷின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். சொன்னால் செய்கிற ஆள்.

அவள்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். "கையை நம்பாதீங்கட்டி, காலை நம்புங்க. காலைத் தரையில நல்லா பதிச்சு வைங்க. பாட்டு கால்ல ஏறுன பொறவு கை தன்னால தட்டும்" என்றாள். அப்படியே செய்தார்கள். ஒரே வாரத்தில், அப்போதிருந்த எட்டுப் பேரும் ஒரே எண்ணைத் தட்டினார்கள். கம்பெனியிலிருந்து பாராட்டி மெயில் வந்தது. கோமதிசங்கர் பியானோ பிரிவுக்கு அவளைத் தலைவியாக்கினார். அன்று பூமாரி தெருவில் நடந்து போன மிடுக்கைப் பார்த்துவிட்டு வெள்ளத்துரை, "ஏட்டி, பியானோவே நீதான் செஞ்சியோ?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவள் சண்முகப்ரியா மட்டும்தான். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். காலையில் டவுன் பஸ்ஸில் வருவாள். முதல் வாரம் தலையை வலிக்கிறது என்று இரண்டு முறை படுத்துக்கொண்டாள். அவள் தட்டும் எண் மட்டும் எல்லோருக்கும் கீழே நின்றது. பூமாரி பக்கத்தில் போய் நின்று, "காலை ஏன் தூக்கி வச்சிருக்க? பதிச்சு வை" என்று அதட்டினாள். "இல்லக்கா, எனக்கு இப்பிடித்தான் வருது" என்று அந்தப் பெண் ஏதோ சொல்லப் பார்த்தாள். பூமாரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் சண்முகப்ரியாவும் எல்லோருடைய எண்ணுக்கும் வந்து சேர்ந்தாள். பூமாரி ஒரு தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பாராட்டினாள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை சென்னையிலிருந்து ரிபாயி ஃபோன் செய்தார்.

ரிபாயிதான் கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவில் இருப்பவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். கோமதிசங்கர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க சென்டர்லேருந்து வந்த மெதுவான பியானோ மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு பதிவு சார். அதுல பெரும்பாலும் வேகம் ஐம்பத்தாறுன்னே வருது. முந்நூறு பேர் வாசிச்சதும் எப்படி ஒரே வேகமா இருக்கும்? இப்போ நானூத்திப் பதினேழாம் நம்பர் பதிவை எடுத்துக்குங்க. எங்க இசை ஆளுங்க நாற்பத்தெட்டுன்னு சொல்றாங்க. நீங்க ஒன்பது பேரும் ஐம்பத்தாறு."

"அதைத்தான் சார் நானும் சொல்லுதேன். ஒம்பது பேரு சொல்லுதோம். ஒம்பது பேருக்குமா காது கெட்டுப்போச்சு?" என்றார் கோமதிசங்கர்.

"தெரியல சார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன்ல இருந்துக்கிட்டே தட்டச் சொல்லிப் பார்க்கப்போறேன். சரியா வரலைன்னா பியானோ வேலையை வேற சென்டருக்கு மாத்தச் சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பின்னாடி என்ன சார் சத்தம்? ஏதோ மெஷின் ஓடுற மாதிரி?" என்றார்.

கோமதிசங்கர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "சத்தமா? இங்கன ஒரு சத்தமும் இல்லையே சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெண்களும் இல்லையென்றுதான் தலையாட்டினார்கள். சண்முகப்ரியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

சென்டரில் இப்போது மிச்சமிருந்தது பியானோ வேலை ஒன்றுதான். அது போனால் மாடியைப் பூட்டிச் சாவியை நூல் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். மற்றவர்கள் என்ன செய்வார்களோ, பூமாரிக்குத் தெரிந்த அடுத்த வேலை தார் சுற்றுவது. அந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். "நான் போகமாட்டேன்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தன் காது சரி, சென்னைக்காரர்கள்தான் தப்பு என்று நிரூபித்தே தீருவது என்ற முடிவோடு செவ்வாய்க்கிழமை முழுக்க நானூற்றுப் பதினேழை எல்லோருக்கும் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒன்பது பேரும் காலைப் பதித்துத் தட்டினார்கள். ஐம்பத்தாறு. மறுபடியும் ஐம்பத்தாறு. பூமாரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் ஐந்து வரை ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாது. சென்டருக்கு லீவு. பூமாரி கோமதிசங்கர் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டாள்.

"கரண்டே இல்லாம அங்கன உக்காந்து என்னம்மா செய்யப் போற?"

"ரெண்டு லேப்டாப்புக்கு ஃபுல்லா சார்ஜ் போட்டு வச்சிருக்கேன் அண்ணாச்சி. நெட்டுக்கு என் ஃபோன் இருக்கு. நூறு தடவை தட்டி, நூறு ஐம்பத்தாறையும் அந்த மனுசனுக்கு அனுப்பப்போறேன்."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். அவளிடம் வாதாடுவதைவிட அது சுலபம்.

மாடியில் ஃபேன் ஓடவில்லை. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னவோ போல இருந்தது. காதில் தண்ணீர் புகுந்து அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தலையைச் சாய்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தொண்டையில் அது இறங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. சரி, வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினாள்.

நானூற்றுப் பதினேழு ஆரம்பித்தது. பூமாரி கையை ஸ்பேஸ் பாரில் வைத்தவள் தட்ட மறந்துவிட்டாள். வாசிக்கிற ஆள் மூச்சு விடுவது கேட்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாக முனகியது. ஒரு சுரம் அடங்கி முடிவதற்குள் அடுத்தது வராமல், நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கேட்ட பதிவு இது. இதையெல்லாம் யார் இப்போது புதிதாகக் கொண்டுவந்து வைத்தது என்று அவளுக்கு எரிச்சலாகவே வந்தது. தலையை உதறிக்கொண்டு, காலைப் பதித்துத் தட்டினாள்.

நாற்பத்தெட்டு.

இன்னொரு முறை தட்டினாள். நாற்பத்தெட்டு. லேப்டாப்பை மாற்றினாள். நாற்பத்தேழு. ஹெட்ஃபோனை மாற்றினாள். நாற்பத்தெட்டு. வேண்டுமென்றே ஐம்பத்தாறில் தட்டிப் பார்த்தாள். பாட்டு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போயின. நேற்று வரை எப்படி அது பொருந்தியது என்பதே விளங்கவில்லை. பூமாரிக்கு வேர்த்து ஊற்றியது.

கோபத்தில் பதிவை முதலிலிருந்து கடைசிவரை, பதினோரு நிமிஷத்தையும் கேட்டாள். வேலைக்கு முதல் ஒரு நிமிஷம் போதும் என்பதால் இதுவரை யாருமே அதற்கு மேல் கேட்டதில்லை. பிறகு இன்னொரு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது கோபம் போயிருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறாள், ஒரு பதிவு பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளை யாரும் கேட்டதும் இல்லை, அவள் யோசித்ததும் இல்லை.

மணி மூன்றே முக்கால் இருக்கும். இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் நாற்பத்தெட்டு அசையாமல் நின்றது. திடீரென்று தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டே தட்டினாள். எண் நாற்பத்தொன்பது ஆயிற்று. பிறகு ஐம்பத்தொன்று. கை தன்பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. அங்கே போய் நின்றது.

பூமாரி கையை எடுத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பாதம் தரையில் பதிந்திருந்தது, குதிகால் தன் இஷ்டத்துக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தரை லேசாக அதிர்ந்தது. அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

மடமடவென்று படியிறங்கி, தான் வேலை பார்த்த அந்தக் கூடத்துக்கே ஓடினாள். தறி ஓட்டிக்கொண்டிருந்த பேச்சிராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவள் ஃபோனில் ஒரு நிமிஷம் வைத்து, தறியின் அடியை வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள்.

"என்னக்கா எண்ணுத?" என்று அவன் கத்திக் கேட்டான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஒரு நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு அடிக்கு ஒரு தட்டு என்றால் ஐம்பத்தாறு. பக்கத்துத் தறியையும் எண்ணினாள். அதுவும் ஏறக்குறைய அதேதான்.

"ஏன் பேச்சிராஜு, இது ரொம்பச் சத்தமாவா இருக்கு?" என்று கேட்டாள்.

"எது?" என்றான் அவன்.

திரும்பி நடந்தபோது பூமாரிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. ஒன்பது பேரும் ஒரே எண்ணைத் தட்டியது காது சரியாக இருந்ததால் அல்ல. ஒன்பது பேருடைய காலிலும் தறியைக் கட்டிவிட்டவள் அவள். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும் தறிச் சத்தம் கேட்காது, அது நின்றால்தான் கேட்கும். தறியே இல்லாத ஊரிலிருந்து வந்த ஒருத்திக்குக் கேட்டிருக்கிறது. தலைவலி வந்திருக்கிறது. சரியான எண்ணும் வந்திருக்கிறது. அவளையும் அதட்டி, மூன்று வாரத்தில் கெடுத்து, தேன்மிட்டாயும் கொடுத்தாயிற்று.

வியாழக்கிழமை காலை எல்லோரும் வந்ததும் பூமாரி நடந்ததைச் சொன்னாள். தட்டியும் காட்டினாள். பிறகு சண்முகப்ரியாவின் மேஜை முன்னால் போய் நின்று, "நீ சரியாத்தான் தட்டுன. நான்தான் உன்னைக் கெடுத்தேன். மன்னிச்சுக்கோ" என்றாள். அந்தப் பெண் பதறி எழுந்துவிட்டாள்.

"விடுங்கக்கா. எனக்கே இப்ப அந்தச் சத்தம் கேக்க மாட்டேங்குது. ஊருக்குப் போனாத்தான் காது கொய்யுனு இருக்கு" என்றாள்.

கோமதிசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, தெரிஞ்சுபோச்சு. நமக்குள்ள இருக்கட்டும். ஹெட்ஃபோன் கோளாறுன்னு அவர்ட்ட சொல்லிருவோம், புது ஹெட்ஃபோன் வாங்கியாச்சுன்னு சொல்லுவோம்."

"பொய்யி எதுக்கு அண்ணாச்சி?"

"அஞ்சு மாசமா தறியைத் தட்டி அனுப்புனோம்னு சொல்லச் சொல்லுதியா? முந்நூத்திப் பன்னெண்டும் நம்ம தலையிலதான் விடியும்."

"இப்பவும் நம்ம தலையிலதான் கெடக்கு. மெஷினு அதை எடுத்துப் படிச்சிட்டு, யாருக்கோ எதையோ போடப் போகுது. ஹெட்ஃபோன்னு சொன்னா அந்தப் பழசை யாரு திருத்துவா?"

மேஜையை ஒருமுறை தட்டினாள் ஆவுடையம்மாள். பூமாரியைவிட ஐந்து வயது மூத்தவள், இரண்டு பெண்களைக் கல்லூரியில் படிக்க வைப்பவள். "ஒனக்கு ஒன் காது பெருசு. எனக்கு என் வேலை பெருசு. நீ பெரிய இவளாட்டம் உண்மையைச் சொல்லி, எங்க எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிராதே பூமாரி."

இது சுருக்கென்று தைத்தது. ஆவுடையம்மாள் சொன்னதில் தப்பும் இல்லை. பூமாரி அவள் பக்கம் திரும்பினாள். "வேலை போனா எனக்கும்தான் போகும். ஆனா நாளைக்கு அவரு தட்டச் சொல்லும்போது தப்பா வந்தா, பொய் சொன்னாலும் போகத்தான் செய்யும். முதல்ல சரியாத் தட்டுவோம். நான் சொல்லுததைச் சொல்லுதேன், என் பேரைச் சொல்லியே சொல்லுதேன்" என்றாள். கோமதிசங்கர் தலையைத் தடவிக்கொண்டார். அது அவர் சம்மதிக்கிற விதம்.

அன்று முழுக்கப் பயிற்சி. நூல் கடையிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி வந்து, நாலாக மடித்து மேஜைக் கால்களுக்கு அடியில் கொடுத்தார்கள். காலைத் தரையில் வைக்கக் கூடாது என்றாள் பூமாரி. ஒன்பது பெண்களும் சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சுற்றியே விட்டாள். பந்தியில் இலை போடவில்லையே என்று ஆவுடையம்மாளே சொன்னாள். மத்தியானத்துக்குள் சண்முகப்ரியாவுக்கு நாற்பத்தெட்டு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆவுடையம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் வந்துவிட்டது.

பூமாரிக்கு வரவில்லை. சம்மணம் போட்டாள், ஹெட்ஃபோனுக்கு மேல் துண்டைக் கட்டினாள், கண்ணை மூடினாள். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து, ஐம்பத்து மூன்று. மற்றவர்களுக்கு அதிர்வு தரையிலிருந்து ஏறியது. அவளுக்குப் பதினோரு வருஷமாக உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது அவள் எழுந்திருக்கவில்லை. "நாளைக்கு நீ தட்டாதே. நாங்க தட்டுதோம்" என்று ஆவுடையம்மாள் மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கரிசனம்தான் பூமாரிக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ரிபாயி அழைத்தார். பூமாரியே பேசினாள். தறியையும் காலையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

ரிபாயி கேட்டார். "அப்போ அன்னைக்கு நான் கேட்ட சத்தம்?"

"தறி சார். எங்களுக்கு அது சத்தம்னே தெரியாது."

"காலைப் பதிச்சு வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் சார். வேற யாரும் இல்ல. புதுசா வந்த ஒரு பொண்ணு சரியாத் தட்டுச்சு, அதையும் நான்தான் மாத்துனேன்."

"சரி. நானூத்திப் பதினேழையே போடுறேன். ஆனா ஏழாவது நிமிஷத்திலேருந்து. அங்க வேகம் வேற. எண் உங்க திரையில தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். மூணு பேர் தட்டட்டும். அந்தப் புதுப் பொண்ணு, அப்புறம் அங்க மூத்தவங்க ஒருத்தர், அப்புறம் நீங்க."

"பூமாரி வேண்டாம் சார்..." என்று கோமதிசங்கர் ஆரம்பித்தார். பூமாரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சண்முகப்ரியா தட்டினாள். "சரி" என்றார் ரிபாயி. ஆவுடையம்மாள் தட்டினாள். "சரி" என்றார்.

பூமாரி உட்கார்ந்து தட்டினாள்.

"இல்ல. மறுபடி தட்டுங்க."

தட்டினாள். "இல்ல மேடம். இன்னும் ஒரு தடவைதான்."

அறையில் யாரும் அசையவில்லை. பூமாரி உடனே தட்டவில்லை. நேற்று முழுக்க அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்கத்தான் முட்டி மோதினாள். துண்டைக் கட்டியதும் அதற்குத்தான். இப்போது ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தறியைக் கேட்டாள். அதோ அது பேச்சிராஜின் தறி. அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் பிந்தி அடிக்கிறது ஒன்று. எதிர் வரிசையில் நாலு. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டாள். பதினோரு வருஷம் அதற்குள்ளேயே இருந்தும் ஒரு நாளும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. அது வெளியே, தெருவில் இருந்தது. அவளுக்குள் இல்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"போடுங்க சார்."

தறி ஓடுவது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பியானோவும் கேட்டது. பியானோவைத் தட்டினாள்.

"நாற்பத்தொண்ணு. எங்ககிட்ட நாற்பத்திரண்டுன்னு இருக்கு. சரிதான்" என்றார் ரிபாயி. ஆவுடையம்மாள் யாருக்கும் கேட்காமல் கோமதியம்மனைக் கூப்பிட்டாள்.

"சுருதி இ மைனர்னு போட்டிருக்கீங்க, அது சரி. மனநிலை சோகம்னு போட்டிருக்கீங்க, எங்க பட்டியல்லயும் சோகம்தான். மூணும் பொருந்துது. முடிச்சுரலாமா?"

"முடிச்சுரலாம் சார்!" என்றார் கோமதிசங்கர்.

"இல்ல சார்" என்றாள் பூமாரி. "அது சோகம் இல்ல."

கோமதிசங்கர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பூமாரி அவர் பக்கமே திரும்பவில்லை.

"தறியோட சேத்து ஒரு நிமிஷம் மட்டும் கேட்டப்ப எங்களுக்கு அது சோகமாத்தான் பட்டுச்சு. தெரியாமப் போட்டுட்டோம். இப்ப முழுசாக் கேட்டேன் சார். அந்த எடது கை இருக்குல்லா, அது முதல்லேருந்து ஒரே நடையாத்தான் நடக்குது. வலது கை கெஞ்சுது, இழுக்குது, ஒரு எடத்துல அழவும் செய்யுது. எடது கை நிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல. ஏழாவது நிமிஷத்துல இன்னும் மெதுவாகுது, ஆனா விட்டுக்கொடுக்கல. சோகத்துல இருக்கவ அப்பிடி நடக்க மாட்டா. ஒரு முடிவு எடுத்தவதான் அப்பிடி நடப்பா. பட்டியல்ல உறுதின்னு ஒரு வார்த்தை இருக்கு. அதுதான் சார் இது."

"எங்க இசை ஆளுங்க போட்டது தப்புன்னு சொல்றீங்களா?"

"எங்க தப்பை நாங்க சொல்லிட்டோம் சார். இது ஒங்க தப்பு."

ஆவுடையம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு ஸ்பீக்கரிலிருந்து மெல்லிசாகப் பியானோ வந்தது. சென்னையில் அந்த மனுஷர் பதிவை முதலிலிருந்து போட்டிருந்தார். ஒரு நிமிஷத்தில் நிறுத்துவார் என்று பார்த்தார்கள், நிறுத்தவில்லை. பதினோரு நிமிஷமும் ஓடியது. ஒன்பது பெண்களும் கோமதிசங்கரும் அந்தச் சின்ன ஃபோனைச் சுற்றி நின்று கேட்டார்கள். முடிந்ததும் ரிபாயியின் குரல் வந்தது.

"முந்நூத்திப் பன்னெண்டையும் இப்பவே திருப்பி அனுப்புறேன். எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும், ஒரு நிமிஷம் கேட்டுட்டு இல்ல, முழுசாக் கேட்டுட்டு. மாசக் கடைசிக்குள்ள எனக்கு வேணும்."

"செஞ்சிருவோம் சார்" என்றாள் பூமாரி.

"நானூத்திப் பதினேழை மட்டும் விட்டுருங்க மேடம். அதுல திருத்த வேண்டியது நாங்கதான்."

ஃபோன் அணைந்தது. பூமாரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. அழுதுகொண்டே லேப்டாப்பை இழுத்து, வந்திருந்த பட்டியலில் முதல் பதிவைத் திறந்தாள்.